சுவத்துல மாட்ட ஒரு பறவை, குப்பைக்கு ஒரு புத்தகம்

பழைய பறவைப் புத்தகத்தைக் கிழிச்சு, படம் படமா விக்கிறவங்க மேல எனக்குக் கோபம் உண்டு. அந்தப் படத்தை வாங்கி, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டி, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "நூத்தம்பது வருஷத்துப் பழசாக்கும்" என்று பெருமை பேசுறவங்க மேல அதைவிட ஜாஸ்தி கோபம். இந்தப் பதிவு ரெண்டாவது கோஷ்டிக்கு. அந்தக் கோஷ்டியில் என் நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அதில் ரெண்டு பேர் பதிவர்கள். தெரிஞ்சேதான் எழுதுறேன். ஆட்டோ அனுப்புறதா இருந்தா மீட்டர் போட்டு அனுப்புங்க :-)

விஷயம் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பறவையைப் படம் பிடிக்க கேமரா உதவாத காலத்தில் எல்லாமே ஓவியம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, கல்லில் கோடு வரைந்து கறுப்பில் அச்சடிப்பார்கள். அப்புறம் மாதிரிப் படம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, கூலிக்கு ஆள் போட்டு, ஒவ்வொரு தாளாகக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். அதனால் ஒரே புத்தகத்தின் ரெண்டு பிரதியை எடுத்தால், ஒன்றில் கொஞ்சம் கருநீலமாக இருக்கிற கழுத்து இன்னொன்றில் கொஞ்சம் வெளிறியிருக்கும். இந்தப் புத்தகங்களைத்தான் என்னை மாதிரி கிறுக்கர்கள் தேடி அலைகிறோம். காசிருக்கிறவன் ஏலத்தில் எடுக்கிறான். எனக்குக் கிடைக்கிறது அட்டை போனது, ராமபாணப் பூச்சி தின்னது, நாலு பக்கம் குறைந்தது.

போன வருஷம் சென்னையில் ஒரு கலைப்பொருள் கடையில் (பெயர் வேண்டாம், ஏசியும் சந்தன வாசனையுமாக இருக்கும்) சுவரில் ஒரு படம். சிவந்த முகம், பச்சை அலகு, நீண்ட வால். செம்முகப் பூங்குயில். இலங்கையின் மழைக்காட்டுப் பறவை. வரைந்த கை பார்த்ததுமே தெரிந்தது: கூலமன்ஸ். ஹாலந்துக்காரர், லண்டனுக்குப் போய் அந்தக் காலத்துப் பறவை நூல்களில் பாதிக்கு வரைந்து தள்ளிய மனுஷன். விலை 8,500 ரூபாய், சட்டத்தோடு சேர்த்து.

"இது எந்தப் புத்தகத்துலேர்ந்து சார் எடுத்தது?" என்று கேட்டேன்.

"புத்தகம் இல்ல சார், ஒரிஜினல் பிரின்ட்" என்றார்.

"மீதிப் பக்கம் எங்க இருக்கு?"

"மீதின்னா?"

அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அது தாளாகத்தான் வந்தது. நான் சொல்ல வருவது அந்த "மீதி"யைப் பற்றித்தான்.

அந்தப் படம் வின்சென்ட் லெக் எழுதிய இலங்கைப் பறவைகள் நூலில் உள்ளது. லெக் பீரங்கிப் படை அதிகாரி, இலங்கையில் வேலை. காடு காடாக அலைந்து குறிப்பெடுத்து, 1878-லிருந்து 1880-க்குள் லண்டனில் சொந்தமாகவே வெளியிட்டார். ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். அதில் வண்ணப் படங்கள் முப்பத்துச் சொச்சம்தான். கணக்குப் போட்டுப் பாருங்க. கிழிக்கிறவனுக்கு வேண்டியது அந்த முப்பத்துச் சொச்சம் தாள். ஆயிரத்து இருநூறு பக்கம் அவனுக்குப் படத்தைச் சுற்றியிருந்த பொட்டலக் காகிதம்.

அந்தப் பொட்டலக் காகிதத்தில் என்ன இருக்கு தெரியுமா? ஒவ்வொரு பறவையும் தீவில் எங்கெங்கே இருந்தது, எந்த உயரத்தில், எந்த மாசத்தில், கூடு எப்படி, முட்டை என்ன நிறம். அதாவது தேயிலைத் தோட்டங்கள் மலையை முழுசாக விழுங்குவதற்கு முன்னால் எந்தக் காட்டில் என்ன பறந்தது என்பதற்கான கணக்குப் புத்தகம். இன்றைக்கு "இந்தப் பறவை குறைஞ்சு போச்சு" என்று யாராவது சொல்லணும்னா, முன்னால் எவ்வளவு இருந்தது என்று ஒரு சாட்சி வேணுமில்லையா? அந்த மாதிரி சாட்சிகளில் லெக் ஒருவர்.

இன்னொன்றும் இருக்கு. இது நமக்கு ரொம்ப முக்கியம். பல பறவைகளுக்குக் கீழே, சிங்களவர் என்ன பெயர் சொல்கிறார்கள், தமிழர் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்த மாதிரி ஆங்கில எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஊர்க்காரன் வாயிலிருந்து நேராக வந்த பெயர்கள். பிற்பாடு 1955-ல் இலங்கைப் பறவைக் கையேடு எழுதிய ஜி.எம். ஹென்றியும் தமிழ்ப் பெயர்களைச் சேர்த்தார். தமிழில் ஒழுங்கான பறவைப் பெயர்ப் பட்டியல் இல்லை என்று நாம்தான் வருஷா வருஷம் ஒப்பாரி வைக்கிறோம். அந்தப் பெயர் அச்சாகிக் கிடக்கிற பக்கத்தைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டு, படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, "தமிழ்ல இதுக்கு என்ன பேரு?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஹூம்.

(சைடு கேப்பில் ஒரு சங்கதி: பூங்குயில் வகைக்கு ஆங்கிலத்தில் 'மல்கோஹா' என்று பெயர். அது சிங்களம். மல் என்றால் பூ, கோஹா என்றால் குயில். வார்த்தைக்கு வார்த்தை நம்ம பூங்குயிலேதான்.)

ஏன் கிழிக்கிறார்கள்? வியாபாரம் அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, முழுப் புத்தகம் லட்ச ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது படத்தைத் தனித்தனியாக ஆறாயிரத்துக்கு விற்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். முழுப் புத்தகத்துக்கு வாங்குபவன் ஒருத்தன் வர வருஷக்கணக்கில் காத்திருக்கணும். படம் வாங்க மாசத்துக்கு மூணு பேர் வருவார்கள், வீடு கட்டி முடிச்சவன், ஓட்டல் திறக்கிறவன், கல்யாணப் பரிசு தேடுறவன் என்று. கத்தி எடுத்தவன் புத்திசாலி, பொறுமையாக முழுசாக விற்கிறவன் ஏமாளி. இந்தக் கணக்கு வாங்குறவன் தலையில்தான் ஆரம்பிக்குது. படத்துக்கு ஆள் இல்லாவிட்டால் எவனும் கத்தியைத் தொடமாட்டான்.

இதில் ஒரு வேடிக்கை. ரொம்ப விலை உயர்ந்த புத்தகத்தை இன்றைக்கு யாரும் லேசில் தொடுவதில்லை. ஆடுபானின் அமெரிக்கப் பறவைகள், 1827 முதல் 1838 வரை வந்தது, 435 படம், ஒவ்வொரு தாளும் ஒரு சின்னப் பையன் உயரம். 2010-ல் லண்டன் ஏலத்தில் ஒரு முழுத் தொகுப்பு எழுபது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்த விலையில் விற்கிறதை எவன் பிரிப்பான்? ஆனால் அதுவும் தப்பித்த கதை இல்லை. மொத்தம் சுமார் 200 தொகுப்பு போட்டார்கள் என்பார்கள், முழுசாக மிஞ்சியிருப்பது சுமார் 120. மிச்சத்தில் நிறைய, விலை ஏறுவதற்கு முன்னாலேயே தாள் தாளாகச் சிதறிப் போனது. இப்போது அந்த ஆபத்தில் இருப்பவை நடுத்தர விலைப் புத்தகங்கள். லெக், ஸ்டுவர்ட் பேக்கரின் வாத்துப் புத்தகம் (1908), ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து போட்ட வேட்டைப் பறவைகள் மூன்று தொகுதி (1879-81). புத்தகமாக விற்றால் பெரிய காசில்லை, படமாக விற்றால் காசு. நம்ம ஊர்ப் பறவைகள் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிப் புத்தகத்தில்தான்.

ஹியூம் என்றதும் ஞாபகம் வருது. ஆமாம், காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான். சிம்லாவில் பெரிய மாளிகை வாங்கி அதற்குள் பறவை மியூசியமே வைத்திருந்தார். இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுத வருஷக்கணக்காகச் சேர்த்த கையெழுத்துக் குறிப்புகள் மூட்டை மூட்டையாக இருந்தன. 1880-களில் அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, வேலைக்காரர் ஒருவர் அதை அள்ளிக்கொண்டு போய் கடைவீதியில் எடைக்குப் போட்டுவிட்டார். மனுஷன் நொந்துபோனார். அந்த நூல் வரவேயில்லை. 1885-ல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைச் சேகரிப்பு மாதிரிகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, பறவைப் பக்கமே பெரிசாகத் தலைவைக்காமல் போனார். இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் "அடப்பாவி!" என்று அந்த வேலைக்காரரைத் திட்டுகிறார்கள். அந்த ஆளுக்கு அதில் என்ன இருக்கு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்த நீங்க, படிச்ச நீங்க, அதே வேலைக்குத்தானே காசு கொடுக்கிறீங்க?

அடுத்தது பெயர். பழைய படங்களின் அடியில், பொடி எழுத்தில், வரைந்தவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கும். சட்டம் போடுகிறவர் படத்தைச் சுற்றி அழகாக ஒரு கிரீம் கலர் அட்டையை வெட்டி வைக்கிறார் பாருங்க, அது முதலில் மறைப்பது அந்த வரியைத்தான். நான் பார்த்த பூங்குயிலிலும் அப்படித்தான். பறவை பேரும் இல்லை, கூலமன்ஸ் பேரும் இல்லை, லெக் பேரும் இல்லை. 'விண்டேஜ் பேர்ட்' என்று ஒரு சீட்டு.

ஜான் கூல்டு கதை இதைவிட மோசம். உலகத்துக்கே பறவைப் புத்தகம் என்றால் கூல்டுதான். 1830-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய முதல் பெரிய நூல் இமயமலைப் பறவைகள், 80 படம். அவற்றைக் கல்லில் வரைந்தவர் அவர் மனைவி எலிசபெத். உரை எழுதியவர் விகர்ஸ் என்று வேறொருவர். எலிசபெத் 1841-ல், நாற்பதைத் தொடுவதற்கு முன்னாலேயே, பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். தாளின் அடியில் அவர் பெயர் இருக்கு. அதை அட்டை போட்டு மூடிவிட்டு, வெளியே "ஜான் கூல்டு" என்று சீட்டு ஒட்டினால்தான் விலை. அந்த அம்மாவை ரெண்டாவது தடவை புதைக்கிற வேலை இது.

நம்ம ஊருக்கே வாங்க. ஜெர்டன் என்ற டாக்டர், சென்னை ராஜதானி சர்வீஸில் இருந்தவர், 1843-க்கும் 1847-க்கும் இடையில் சென்னையிலேயே அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஒரு புத்தகம் போட்டார். பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள், ஐம்பது படம். இந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் அதில் இருக்கு. லண்டன் ஆசாமிகளே வாயைப் பிளந்து பாராட்டினார்கள். ஆனால் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி மாட்டினால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "வெள்ளைக்காரன் என்னமா வரைஞ்சிருக்கான் பாருய்யா!"

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கு. கல்கத்தாவில் 1777-லிருந்து சில வருஷம், மேரி இம்பே என்ற சீமாட்டி ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்று மூன்று ஓவியர்களை வைத்து நூற்றுக்கணக்கில் பறவை, விலங்கு ஓவியங்கள் தயாரித்தார். 1810-ல் லண்டன் ஏலத்தில் அவை சிதறின. ஆனாலும் ஓவியர்களின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. காரணம், ஓவியத்திலேயே பெயரைப் பாரசீகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மற்றவர்களுக்கு முன்னுரைதான் கதி, முன்னுரை போனால் ஆளும் போச்சு.

சேர்ந்தே இருந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு எலிசபெத் குவில்லிமைக் காட்டுவேன். சென்னை உச்சநீதிமன்ற நீதிபதியின் மனைவி. 1801-ல் இங்கே வந்து, 1807-ல் இங்கேயே இறந்து, கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானவர். இந்த ஆறு வருஷத்தில் சென்னையைச் சுற்றியிருந்த பறவைகளை நூற்றுக்கும் மேல் வரைந்தார். ஆடுபானின் முதல் தாள் அச்சாவதற்கு இருபது வருஷம் முன்னாடி! நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1924-ல் கேசி உட் என்ற கண் டாக்டர், பறவைப் புத்தகப் பைத்தியம் (நம்ம ஜாதி), லண்டனில் ஒரு வியாபாரியிடம் அந்தக் கட்டைப் பார்த்தார். மொத்தமாக வாங்கி கனடாவில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். அந்த அம்மாவும் அவர் தங்கையும் சென்னையிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் தனியாக இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் அவர் யார், எப்படி வேலை செய்தார் என்பதெல்லாம் வெளியே வந்தது. அந்த வியாபாரி கொக்கு ஒருத்தருக்கு, ஆந்தை ஒருத்தருக்கு என்று தனித்தனியாக விற்றிருந்தால் குவில்லிம் என்று ஒருத்தர் இருந்ததே தெரியாமல் போயிருக்கும். நூறு வீட்டுச் சுவரில் நூறு 'விண்டேஜ் பேர்ட்'.

சரி, பின்னூட்டத்தில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லிடுறேன்.

"ஆடுபானே படத்தையும் எழுத்தையும் தனியாத்தானே போட்டார்?" போட்டார். எழுத்தும் சேர்ந்த புத்தகமாக இருந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி நூலகங்களுக்கு இலவசப் பிரதி கொடுக்கணும், அந்தச் செலவு தாங்காது என்று தனியாகப் போட்டார். ஆனால் எழுத்தைக் குப்பையில் போடவில்லையே! 1831-லிருந்து 1839 வரை ஐந்து தொகுதி தனியாக வந்தது.

"ஏற்கெனவே கிழிஞ்சதைத்தான் வாங்குறோம், கரையான் தின்னதுலேர்ந்து காப்பாத்துறோம்." சில சமயம் உண்மைதான். கரையான் அரிச்ச புத்தகத்தில் மிஞ்சின பத்துப் படத்தை எடுத்து வைப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். அப்படிக் காப்பாற்றியவர், தாளின் பின்னால் பென்சிலில் எந்த நூல், எந்த வருஷம், எந்தப் பிரதி என்று எழுதியிருப்பார். உங்க வீட்டுப் படத்தைத் திருப்பிப் பாருங்க, இருக்கா? ஒரு கடையில் ஒரே அளவில், ஒரே பழுப்பில், ஒரே ஓரத்தில் பிளேடு கீறலோடு இருபது படம் வரிசையாகத் தொங்கினால் அது எந்தக் கரையான்?

"உன்னை மாதிரி முழுப் புத்தகம் வாங்க எல்லாருக்கும் வசதி இருக்கா?" ஐயா, எனக்கும் இல்லை. என் ஹென்றி 1955 பதிப்பில் நாலு படம் கிடையாது, எனக்கு முன்னால் வைத்திருந்தவரின் கைங்கரியம். உங்களுக்குச் சுவரில் அழகாக ஒரு பறவை வேணும், அவ்வளவுதானே? பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்று இருக்கு. 2006-ல் பல நூலகங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. லெக், கூல்டு எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். இறக்கி, நல்ல தாளில் அச்சடிக்கச் சொன்னால், சட்டத்தோடு ஆயிரம் ரெண்டாயிரத்தில் முடிஞ்சுது வேலை. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது, காபி குடிக்க வந்தவருக்கும் தெரியாது. அதுவுமில்லாமல், நூற்றைம்பது வருஷமாக அந்த வண்ணம் வெளுக்காமல் இருப்பதற்குக் காரணமே புத்தகம் மூடிக் கிடந்ததுதான். நம்ம ஊர் வெளிச்சத்தில் மாட்டினால் உங்க பேரன் காலத்தில் பூங்குயில் முகம் வெளிறித்தான் தெரியும்.

"ஒரிஜினல் ஒரிஜினல்தான், ஸ்கேன் ஸ்கேன்தான்" என்பவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது பறவையே இல்லை.

போகிற போக்கில் நம்ம சேகரிப்பாளர் கோஷ்டிக்கும் ஒரு குட்டு. முழுப் புத்தகம் வைத்திருக்கிறேன் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி, பூதம் காத்த புதையல் மாதிரி யாருக்கும் காட்டாமல் இருக்கிறவர்கள் உண்டு. ஒரு மாணவன் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுக்கக் கேட்டால் "பைண்டிங் கெட்டுடும்" என்பார்கள். பெரியவர் காலமானதும் பிள்ளைகள் என்ன பண்ணுவாங்க? விலை கேட்பார்கள், முதலில் வருகிறவன் படக் கடைக்காரன். இருக்கும்போதே எந்த நூலகத்துக்கு என்று எழுதி வைக்காதவர், கத்தியைத் தீட்டி வைத்துவிட்டுப் போகிறார்.

கடைக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க மக்களே. "மீதிப் பக்கம் எங்கே?" பதில் இல்லாத படத்தை வாங்காதீங்க. அந்தப் பூங்குயிலை நான் வாங்கவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அது வேற விஷயம். போன மாசம் அந்தப் பக்கம் போனபோது அது இல்லை. அதே இடத்தில் ஒரு காட்டுக்கோழி இருந்தது.

பி.கு.: படமெல்லாம் உருவப்பட்டு வெறும் எழுத்துப் பக்கமாக லெக், ஹியூம்-மார்ஷல், ஸ்டுவர்ட் பேக்கர் எது யாரிடம் இருந்தாலும் எடைக்குப் போடாதீங்க. அட்டை இல்லாவிட்டாலும் சரி, பாதிதான் இருக்குன்னாலும் சரி. தபால் செலவு என்னுடையது. தமிழ்ப் பெயர்கள் உள்ள பக்கம் என்றால் நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்.